குமுளியில் கும்மிய பேஸ்: ட்ராக்கோடு கிட்டார் வாசிக்கும் கூடத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ட்ராக் (முன்பே பதிவு செய்த பின்னணி இசை) போட்டுவிட்டு அதன் மேல் கிட்டார் வாசித்துப் பாடும் பிள்ளைகள் கம்பம், குமுளி, தேக்கடி வட்டாரத்தில் பெருகியிருக்கிறார்கள். பெரியாறு பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகளிலும் உணவகங்களிலும் சாயங்காலமானால் ஒரு மைக், ஒரு கிட்டார், ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர் என்று நிற்பார்கள். தமிழ், மலையாளம், இந்தி என்று மாற்றி மாற்றிப் பாடுவார்கள். நல்ல குரல், நல்ல கை. ஆனால் இரண்டு மேசை தள்ளிப் போனால் வரி புரியாது; கும் கும் என்று ஒன்று அறையை அடைத்துக்கொண்டிருக்கும். 'பேஸ் ஜாஸ்தி' என்று சொல்லி ஒரு குமிழைத் திருகிக் குறைப்பார்கள். கும்மலோடு சேர்த்துப் பாட்டின் உயிரும் போய்விடும். இப்படிப்பட்ட கும்மலுக்கு அநேகமாக மூன்று நான்கு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஒரு நிகழ்வை இங்கே முழுதாக எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது புது கிட்டாரோ புது ஸ்பீக்கரோ வாங்கும் செலவு மிச்சமானால் மகிழ்ச்சி.

இடமும் ஆளும்

குமுளியில், கேரளப் பக்கம், ஒரு உணவகத்தின் முதல் மாடி. வாசிக்கிறவர் கம்பத்துக்காரர்; இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வாரக் கடைசியில் மலையேறி வந்து பாடிவிட்டுப் போவார். தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட், மூன்று பக்கம் பூசிய சுவர், எதிர்ப்பக்கம் கண்ணாடி ஜன்னல். குறுகிய சுவரை ஒட்டிப் பாடும் இடம். 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டும் அந்தச் சுவரின் இரண்டு மூலையிலும் தரையிலேயே இருந்தன. பரிமாறுகிறவர்கள் போக வர வழி வேண்டும் என்பதற்காக அங்கே தள்ளி வைத்திருந்தார்கள். சின்ன மிக்சர். கிட்டார் பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் வகை. கம்பிகள் உட்காரும் சேடிலுக்கு அடியில் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ பிக்கப், பக்கவாட்டில் பேஸ், மிட், ட்ரெபிள், நாட்ச் (ஒரு குறுகிய சுரப் பகுதியை மட்டும் அமுக்குவது) குமிழ்களோடு அந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்.

மேலாளர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். "சாரே, ஆளுக பாட்டு கொள்ளாம்னு சொல்றாங்க. ஆனா நெஞ்சுல இடிக்குது, பேசிக்கிட்டே சாப்பிட முடியலங்கறாங்க" என்றார். 'கொள்ளாம்' என்றால் மலையாளத்தில் நன்றாக இருக்கிறது என்று பொருள். தன் செல்போனில் டெசிபல் பார்க்கும் ஆப் ஒன்றையும் காட்டினார். அதில் எண் ஒன்றும் பயப்படும்படி இல்லை. அதுதான் அவருக்குப் புரியாத விஷயம்.

இதை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த ஆப்கள் பெரும்பாலும் ஏ எடை என்ற அளவில் காட்டும். சத்தக் கட்டுப்பாட்டு விதிகள் பேசுவதும் அதே அளவில்தான். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் வணிகப் பகுதிக்கு இரவில் 55 டெசிபல் என்று இருப்பது ஏ எடையில். இந்த அளவு, 100 ஹெர்ட்ஸில் உள்ள ஒலியைச் சுமார் 19 டெசிபல் குறைத்தும், 50 ஹெர்ட்ஸில் உள்ளதைச் சுமார் 30 டெசிபல் குறைத்தும் கணக்கில் எடுக்கும். அதனால் நெஞ்சில் இடிக்கிற பேஸ் மீட்டரில் தெரியாது. வாடிக்கையாளர் சொன்னது உண்மை. செல்போன் மைக்குக்குக் கீழ்ச்சுரம் சரியாகக் கேட்காது என்பது தனி.

வாசிக்கிற தம்பி சொன்ன இரண்டு வாக்கியத்தில் பாதி விடை இருந்தது. "எல்லாப் பாட்டுலயும் இல்லண்ணே, சில பாட்டுலதான் கும்முது" என்றார். அப்புறம், "கிட்டார மட்டும் தனியா வாசிச்சா சூப்பரா இருக்கு" என்றார்.

அவர் செய்து பார்த்தது: ஸ்பீக்கரின் பின்னால் உள்ள பேஸ் குமிழை முழுக்கக் குறைத்தது. அது மைக், ட்ராக், கிட்டார் எல்லாவற்றுக்கும் பொதுவான குமிழ். ட்ராக்கில் ட்ரம்ஸ் செத்துப் போனது. பாட்டில் பலமில்லை என்று வால்யூமை ஏற்றினார். கும்மல் திரும்ப வந்தது.

ஒன்றும் வாசிக்காமல் கேட்டது

கூடத்தில் ஆள் இல்லாத மத்தியான நேரம். எல்லாவற்றையும் இணைத்து, மாஸ்டரை வழக்கமான இடத்தில் வைத்து, ஒன்றும் வாசிக்காமல் கேட்டோம். மெலிதாக ஒரு 'ம்ம்ம்' இருந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சுற்று வழியாக வரும் இரைச்சல் 50-லும் அதன் மடங்கான 100-லும் உட்காரும். பாட்டு நடக்கும்போது இது தனியாகக் காதில் விழாது. ஆனால் ஏற்கெனவே நெரிசலாக உள்ள இடத்தில் இதுவும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாடும் நேரம் மட்டும் லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும் என்று முடிவு செய்தோம். பேட்டரி தாங்காதவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சரின் மைக் சேனலுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக லேப்டாப்பை மிக்சருக்குக் கொண்டுபோகலாம். சிலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரைச்சல் போயிற்று என்பார்கள். மைக்கில் உதடு படுகிற தொழில் இது, ஷாக் அடிக்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆறாவது கம்பியில் ஏறிப் போனது

அடுத்து கிட்டார் மட்டும். தடித்த ஆறாவது கம்பியை, விரல் அழுத்தாத ஓபன் நிலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃப்ரெட்டாக (கழுத்தில் உள்ள உலோகக் கட்டு), ஒரே பலத்தில், ஒரு சுரம் அடங்கிய பிறகு அடுத்தது என்று அடிக்கச் சொன்னேன். இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், காது போதும். ஓபன் ஈ 82.4 ஹெர்ட்ஸ், அடக்கமாகத்தான் இருந்தது. முதல் ஃப்ரெட், இரண்டாவது ஃப்ரெட் வரைக்கும் சரி. மூன்றாவதில், அதாவது ஜி என்ற 98 ஹெர்ட்ஸில், சத்தம் எழும்பியது. நான்காவதில், ஜி ஷார்ப் என்ற 103.8-ல், மேசையில் இருந்த டம்ளர் அதிர்ந்தது. ஐந்தாவதில், ஏ என்ற 110-ல், திரும்ப அடங்கிவிட்டது. ஒரே கம்பி, ஒரே விரல், ஒரே பலம். இரண்டு சுரம் மட்டும் தனியாகத் துள்ளுகிறது.

கிட்டாரைக் குறை சொல்வதற்கு முன்னால் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அதே சோதனையைச் செய்தோம். இப்போதும் ஜி பக்கத்தில் கொஞ்சம் எழும்பல் இருந்தது, ஆனால் டம்ளர் அசையும் அளவுக்கு இல்லை. ட்ரெட்நாட் உடலுக்குள் இருக்கும் காற்று, சவுண்ட் ஹோல் வழியாக மூச்சு விடுவது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அருகில்தான். அது இந்த வகை கிட்டாரின் இயல்பு. மைக் இல்லாமல் வாசிக்கும்போது அந்த நிறைவான ஒலி வருவது அதனால்தான். சவுண்ட் ஹோலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஒருவர் வாசிக்க, இன்னொருவர் கேட்டால் அந்த எழும்பல் குறைவது தெரியும். ஸ்பீக்கர் சத்தமாக ஓடும்போது அந்தச் சத்தமே மரப்பலகையையும் உள்ளே இருக்கும் காற்றையும் ஆட்டி, பிக்கப் அதைத் திரும்ப மிக்சருக்கு அனுப்பும். சுற்று முழுமையானால் 'ஊ' என்று தணிந்த குரலில் ஊளையிடும். முழு ஊளை வருவதற்கு முந்தைய நிலையில்தான் கிட்டார் 'கும்'மென்று வீங்கிக் கேட்கும்.

சரி, கிட்டாரில் கொஞ்சம் இருக்கிறது. மீதி எங்கே?

11, 22, 33

டேப் எடுத்து அளந்தோம். உயரம் 11 அடி. அகலம் 22 அடி. நீளம் 33 அடி. 11 அடிக்கு ஒரு தூண் என்று கட்டிய கட்டடம்; அங்குலக் கணக்கில் முன்னே பின்னே இருக்கலாம். இந்த மூன்று எண்ணைப் பார்த்ததும் மேலே தேட வேண்டிய வேலை பாதி முடிந்துவிட்டது.

இரண்டு சுவருக்கு நடுவே ஒலி போய்த் திரும்பி வரும்போது, அந்தத் தூரத்துக்குப் பொருந்துகிற அலைகள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பெருகும். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வு எண், அதன் மடங்குகள் எல்லாம் அடுத்தடுத்து. குமுளியின் சாயங்கால வெப்பநிலை 21 டிகிரி என்று வைத்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,129 அடி. உயரம் 11 அடி தருவது 51.3, பிறகு 102.6 ஹெர்ட்ஸ். அகலம் 22 அடியில் 25.7, 51.3, 77, 102.6. நீளம் 33 அடியில் 17.1-ல் தொடங்கி மூன்றாவது 51.3, ஆறாவது 102.6.

சாதாரணமாக ஒரு அறையின் மூன்று திசைகளும் வெவ்வேறு எண்களில் பெருகும். எழும்பல் பரவலாகி ஓரளவு சமமாகக் கேட்கும். இங்கே மூன்று திசையும் 51-லும் 102.6-லும் சரியாக ஒன்றுகூடி நிற்கின்றன. ஒலி விஷயத்தில் ஒரு கூடத்துக்கு 1:2:3 மிக மோசமான விகிதம். கட்டியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கூடம் கட்டுகிறவர் எதற்கு இதை யோசிக்க வேண்டும்? ஆனால் வாடகைக்கு இடம் பார்க்கும் இசைக் குழுவினர், பயிற்சி அறை கட்டுகிறவர்கள் டேப் கொண்டுபோய் அளந்து பார்க்க வேண்டும் என்று நான் விரும்பிக் கேட்டுக்கொள்வேன். ஐந்து நிமிட வேலை.

ஜி ஷார்ப்பை மட்டும் கீபோர்டு ஆப் ஒன்றில் தொடர்ந்து ஒலிக்க விட்டுக் கூடத்தில் நடந்தோம். சுவரை ஒட்டி நின்றால் காதை அடைத்தது. பக்கச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வந்ததும் பாதியாகக் குறைந்தது. நடுக்கூடத்தில் திரும்பவும் அடைத்தது. கணக்கு சொல்வதும் அதையேதான். ஒலி அழுத்தம் சுவரில் அதிகம், மூலையில் மிக அதிகம், கால் அலை தூரத்தில் குறைவு. 102.6 ஹெர்ட்ஸின் அலை நீளம் 11 அடி, அதில் கால் பங்கு 2 அடி 9 அங்குலம்.

ஸ்பீக்கர்கள் இருந்தது மூலையில், அதுவும் தரையில். அந்த இடத்தில் வைத்த ஸ்பீக்கர் அறையின் எல்லா அதிர்வு எண்களையும் முழுப் பலத்தோடு கிளப்பிவிடும். அதோடு தரையும் இரண்டு சுவரும் கீழ்ச்சுரத்தைத் திருப்பி முன்னால் தள்ளும். கோட்பாட்டுப்படி ஒவ்வொரு பரப்பும் 6 டெசிபல் வரை கூட்டக்கூடியது. நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் வருவது நிறைய.

ட்ராக்கில் இருந்தது

இப்போது 'சில பாட்டுலதான்' என்று தம்பி சொன்னதற்கு வருவோம். எந்தப் பாட்டுகள் என்று அவரே ஒரு தாளில் எழுதினார். பெரும்பாலானவை ஜி ஷார்ப் ஸ்கேல். முதல் ஃப்ரெட்டில் கேபோ (எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஜி கார்டுக்கான விரல் வடிவத்தில் வாசிப்பார். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் அவர் அடிக்கும் அடிச்சுரம் 103.8 ஹெர்ட்ஸ். ட்ராக்கில் பேஸ் கிட்டார் அதே நேரத்தில் அடிக்கும் ஜி ஷார்ப் 51.9, அதன் இரண்டாவது மடங்கு 103.8. அறை 51.3-லும் 102.6-லும் காத்துக்கொண்டிருக்கிறது. கிட்டாரின் உடல் 100 அருகில். சார்ஜரின் இரைச்சல் 50-லும் 100-லும். எல்லாமே ஒரே வீட்டில் குடியேறியிருந்தன. டி ஸ்கேல் பாட்டுகளில் அடிச்சுரம் 146.8-க்கும் ட்ராக்கின் பேஸ் 73.4-க்கும் போய்விடுவதால் தொந்தரவு குறைவாக இருந்தது.

இது போக ட்ராக்குகளுக்கே சொந்தமான குறைகள். வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில் பேஸ் அளவாக இருக்கும், இன்னொன்றில் இரண்டு பங்கு இருக்கும். லேப்டாப்பின் ஒலி அமைப்பில் பேஸ் பூஸ்ட் போட்டபடி கிடந்தது. ஸ்பீக்கரின் பின்னால் உள்ள பட்டன் 'மியூசிக்' என்பதில் இருந்தது. பல பவர்டு ஸ்பீக்கர்களில் அந்த நிலை கீழ்ச்சுரத்தையும் மேல்சுரத்தையும் தானே உயர்த்தும். படம் பார்க்கவும் வீட்டில் மெதுவாகப் பாட்டுக் கேட்கவும் அது நல்லது. இங்கே மூன்று இடத்தில் மூன்று பேர் பேஸைக் கூட்டிய மாதிரி ஆகிவிட்டது.

கிட்டாரின் ப்ரீஆம்பிலும் பேஸ் பாதிக்கு மேலே, மிட் கீழே. வீட்டில் ராத்திரி ஹெட்போனில் மெதுவாக வைத்துச் சரி செய்த அமைப்பு அது. மெதுவான சத்தத்தில் மனிதக் காதுக்குக் கீழ்ச்சுரம் குறைவாகத்தான் கேட்கும். 1933-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வெளியிட்டார்கள். வீட்டில் குறைவாகக் கேட்கும் பேஸைக் கூட்டி வைத்து, அதே அமைப்போடு கூடத்தில் வால்யூமை ஏற்றினால், காது இப்போது பேஸை முழுதாகக் கேட்கும். வீட்டில் கூட்டியது அத்தனையும் உபரி.

செய்த மாற்றங்கள்

முதலில் ஸ்பீக்கர். இரண்டையும் மூலையிலிருந்து எடுத்து, பக்கச் சுவரிலிருந்தும் பின் சுவரிலிருந்தும் 2 அடி 9 அங்குலம் தள்ளி வைத்தோம். 2 அடி உயரமான மர பெஞ்சு உணவகத்திலேயே இருந்தது. அதன் மேல் வாசலில் போடும் தடித்த ரப்பர் மேட்டை மடித்துப் போட்டு ஸ்பீக்கரை வைத்ததும், அதன் கோனின் நடு கிட்டத்தட்ட 2 அடி 9 அங்குல உயரத்துக்கு வந்துவிட்டது. மூன்று திசையிலும் கால் அலை. அந்த இடத்திலிருந்து 102.6-ஐக் கிளப்புவது கடினம். மேல்சுரம் வரும் ஹார்ன், உட்கார்ந்து சாப்பிடுகிறவர் காது உயரத்துக்கு வந்தது கூடுதல் லாபம். பரிமாறும் வழிக்கு ஒரு மேசையைச் சற்று நகர்த்த வேண்டியிருந்தது. மேலாளர் முகம் சுளிக்காமல் ஒத்துக்கொண்டார்.

இந்த ஒரு மாற்றத்திலேயே கும்மல் தெளிவாக இறங்கியது. இன்னும் ஒரு குமிழும் தொடவில்லை. ஈக்யூவில் (சுரப் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) கை வைப்பதற்கு முன்னால் இடத்தை மாற்றிப் பாருங்கள் என்று நான் பார்க்கிற எல்லாரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான். ஈக்யூவில் குறைத்தால் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் குறையும். ஸ்பீக்கரை நகர்த்தினால் அறை கூட்டிய பங்கு மட்டும் போகும்.

இரண்டாவது, கூட்டி வைத்ததை எல்லாம் கழித்தது. லேப்டாப்பில் பேஸ் பூஸ்ட் நீக்கம். ஸ்பீக்கரில் 'மியூசிக்' நிலையிலிருந்து சமநிலைக்கு. பின்னால் இருந்த பொதுவான பேஸ் குமிழ் நடுவில். அதைப் பார்த்துத் தம்பிக்குப் பதற்றம். "அண்ணே, அத நடுவுல வச்சா கும்முமே" என்றார். ட்ராக்கை மட்டும் ஓட்டிக் காட்டினேன். ட்ரம்ஸின் கிக் தனியாக, பேஸ் கிட்டார் தனியாகக் கேட்டது.

மூன்றாவது, கிட்டார். அது மிக்சரின் ஸ்டீரியோ சேனலில் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சேனலில் லோ கட், அதாவது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள சுரத்தை வெட்டும் வசதி, கிடையாது. சின்ன மிக்சர்களில் பெரும்பாலும் மைக் சேனலில்தான் அந்த பட்டன் இருக்கும். ஒரு டிஐ பாக்ஸ் வைத்து கிட்டாரை மைக் சேனலுக்கு மாற்றி, 100 ஹெர்ட்ஸ் லோ கட்டை அழுத்தினோம். ஆக்டேவுக்கு (அதிர்வு எண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 18 டெசிபல் என்ற சரிவு உள்ளது அது. கணக்குப்படி ஓபன் ஈ சுமார் 6 டெசிபல் குறையும். ஜி ஷார்ப் சுமார் 2.5 டெசிபல்தான் குறையும். அதனால் அது மட்டும் போதவில்லை. ப்ரீஆம்பில் பேஸைக் கடிகாரத்தின் ஒன்பது மணி அளவுக்கு இறக்கினோம். நாட்ச் குமிழை ஜி ஷார்ப்பை அடித்துக்கொண்டே மெதுவாகத் திருப்பினால், ஒரு இடத்தில் அந்தத் துள்ளல் சட்டென்று அமுங்கும், அங்கே விட்டோம். சவுண்ட் ஹோலுக்கு ரப்பர் மூடி போட்டோம். ஸ்பீக்கர் சத்தம் உள்ளே புகுந்து திரும்பி வருவது அதோடு கட்டுப்பட்டது.

இப்போது கிட்டாரைத் தனியாக வாசித்துக் கேட்டார் தம்பி. முகம் வாடிவிட்டது. "என்னண்ணே, தகரத்த தட்டுற மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான், தனியாகக் கேட்டால் மெலிந்துதான் இருக்கும். ட்ராக்கைப் போட்டு, அதே வாசிப்பை அதன் மேல் வாசிக்கச் சொன்னேன். இரண்டு வரி போவதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது. கிட்டாரின் ஸ்ட்ரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, கம்பியில் பிளெக்ட்ரம் படும் சத்தத்தோடு கேட்டது. கீழே இருக்க வேண்டிய கனத்தை ட்ராக்கின் பேஸ் கிட்டார் கொடுத்துக்கொண்டிருந்தது.

என் மனதில் இருப்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ட்ராக்கோடு வாசிக்கிறவர் தன் கிட்டாரைத் தனியாக வைத்துச் சரி செய்யக் கூடாது. தனியாக வாசிக்கும் கிட்டாருக்குப் பேஸ், தாளம், நாதம் எல்லாம் அதுவே தர வேண்டியிருக்கும். ட்ராக்கில் ஏற்கெனவே ஒரு பேஸ் கிட்டார் உண்டு, கிக் உண்டு, பல நேரம் இன்னொரு கிட்டாரே உண்டு. 80-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தக் குறுகிய இடத்தில் பாடகரின் குரலுக்கும் இடம் விட வேண்டும். கிட்டார் அங்கே விட்டுக் கொடுத்தால் 250-க்கு மேலே அதற்கு நெருக்கடி குறைவு. 'தனியா வாசிச்சா சூப்பரா இருக்கு' என்று தம்பி சொன்னது சிக்கலின் அடையாளம். தனியாக அவ்வளவு நிறைவாக இருக்கும் கிட்டார், கூட்டத்தில் இடித்துக்கொண்டுதான் நிற்கும்.

வாசிப்பிலும் ஒன்று மாற்றினோம். செலவே இல்லாத மாற்றம், எனக்கு மிகவும் பிடித்தது. ஜி ஷார்ப் பாட்டுகளுக்கு முதல் ஃப்ரெட் கேபோவில் ஜி வடிவம் வாசிப்பதற்குப் பதிலாக, ஆறாவது ஃப்ரெட்டில் கேபோ மாட்டி டி வடிவம். சுரம் அதேதான், ஆனால் அடிச்சுரம் நான்காவது கம்பிக்குப் போய் 207.7 ஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. ட்ராக்கின் பேஸுக்கு இரண்டு ஆக்டேவ் மேலே. தடித்த இரண்டு கம்பிகளைத் தொடாமல் அடிக்கப் பழக வேண்டும். வலது கையைச் சவுண்ட் ஹோலுக்கு மேல் வைத்து அடிப்பதை விட்டு பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரல் தள்ளினால் இன்னும் தெளியும்.

பாடும் மைக்கிலும் லோ கட் போட்டோம். முன்பக்க ஒலியை மட்டும் அதிகமாகப் பிடிக்கும் இந்த வகை மைக், உதட்டை ஒட்டிப் பாடும்போது குரலின் கீழ்ச்சுரத்தை ஊதிப் பெருக்கும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும்.

ட்ராக்குகளை அவர் வீட்டில் ஆடாசிட்டியில் திறந்து வேலை பார்த்தார். அது இலவச மென்பொருள். எல்லாவற்றையும் லவுட்னஸ் நார்மலைசேஷன் கொடுத்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினார். 12 அங்குல ஸ்பீக்கர் அதைத் தரப் போவதில்லை, சக்தி மட்டும் வீண். ஜி ஷார்ப் ட்ராக்குகளில் மட்டும் 52 ஹெர்ட்ஸ் அருகே குறுகலாக 4 டெசிபல் குறைத்தார். குறைக்காத மூலப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது எதற்கு என்று பின்னால் வரும்.

திரைச்சீலை போடலாமா, முட்டை அட்டை ஒட்டலாமா என்று மேலாளர் கேட்டார். முட்டை அட்டை பேஸை ஒன்றும் செய்யாது. திரைச்சீலை மேல்சுரத்தை மட்டும் குடிக்கும். மேல்சுரம் குறைந்தால் இருக்கிற பேஸ் இன்னும் தூக்கலாகத் தெரியும். 100 ஹெர்ட்ஸைப் பஞ்சு போன்ற பொருளால் உறிஞ்ச வேண்டும் என்றால் அடிக்கணக்கில் கனம் வேண்டும். கூரையில் காற்று இடைவெளி விட்டு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் போட்டால் அது பலகையாக அதிர்ந்து கொஞ்சம் பேஸை எடுத்துக்கொள்ளும், உயரம் மாறுவதால் 11, 22, 33 என்ற ஒற்றுமையும் கலையும். எப்படியும் விளக்கு வேலைக்குச் சீலிங் போடும் எண்ணம் அவருக்கு இருந்தது. அதுவரை, எதிர்ப்பக்கக் கண்ணாடி ஜன்னலில் இரண்டைத் திறந்து வைக்கலாம். திறந்த ஜன்னல் வழியாகப் போன பேஸ் திரும்பி வராது. பக்கத்து வீட்டுக்கு அது போகும் என்பதால் நேரம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். மழைக் காலத்தில் குமுளியில் அதுவும் முடியாது.

மழைக் காலம் என்றதும் ஒரு விஷயம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அங்கே ஈரம் கடுமையாக இருக்கும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதும், மேல் பலகை புடைக்கும், ஒலி மழுங்கும். பழைய கம்பி சேர்ந்தால் பளிச்சென்ற சத்தமே வராது. உடனே ட்ரெபிளைக் கூட்டத் தோன்றும். கிட்டாரைப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், கம்பியை மாற்றுங்கள்.

ஆட்கள் வந்த பிறகு

சனிக்கிழமை சாயங்காலம் கூடம் நிறைந்தது. காலிக் கூடத்தில் சரி செய்தது ஆள் வந்ததும் மாறும். மனித உடம்பும் துணியும் நடுச்சுரத்தையும் மேல்சுரத்தையும் உறிஞ்சும். பேஸை அவ்வளவாக உறிஞ்சாது. அதனால் கூட்டம் கூடக் கூட பேஸ் தூக்கலாகத் தெரியும். மத்தியானம் 'கொஞ்சம் பேஸ் கம்மியோ' என்று தோன்றும் அளவில் விட்டால் ராத்திரி சரியாக இருக்கும். அப்படித்தான் விட்டிருந்தோம். இரண்டாவது பாட்டிலேயே பின் வரிசை மேசையில் ஒரு குடும்பம் பல்லவியைச் சேர்ந்து பாடியது. வரி புரிந்தால்தானே பாட முடியும்.

தம்பிக்கு மட்டும் ஒரு குறை. அவர் நிற்கும் இடம் ஸ்பீக்கர்களுக்குச் சற்றுப் பின்னால். கீழ்ச்சுரம் ஸ்பீக்கரின் எல்லாப் பக்கமும் சுற்றி வரும், மேல்சுரம் முன்னால் மட்டும் போகும். பின்னால் நிற்கிறவருக்கு எப்போதும் மழுங்கலாகத்தான் கேட்கும். அதை நம்பி ட்ரெபிளைக் கூட்டினால் முன்னால் இருப்பவர் காது கூசும். மிக்சரின் ஹெட்போன் வழியாக ஒரு காதில் வயர் இயர்போன் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ப்ளூடூத் வேண்டாம், அதில் ஒலி பிந்தி வரும், தாளம் தப்பும்.

தீராதது ஒன்று உண்டு. எதிர்ச் சுவரின் மூலை மேசையில் ஜி ஷார்ப் பாட்டு வரும்போது இன்னும் கும்மல் கேட்கிறது. அது அறையின் மூலை. 51 ஹெர்ட்ஸ் அங்கே குவிவதை ஸ்பீக்கரை நகர்த்தித் தடுக்க முடியவில்லை. மேலாளர் அந்த இடத்துக்குத் தண்ணீர் கேன் வைக்கும் மேசையைக் கொண்டுபோய்விட்டார்.

மலைக்குக் கீழே

அடுத்து தம்பி வாசித்தது கம்பத்தில், ஒரு கல்யாண வரவேற்பில், திறந்தவெளிப் பந்தலில். அதே அமைப்போடு தொடங்கினார். ட்ராக் வெறிச்சென்று இருந்தது. சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் 51-ஐயும் 102.6-ஐயும் கூட்டித் தர யாரும் இல்லை. 52-ல் குறைக்காத மூல ட்ராக்குகளுக்கு மாறினார், நாட்ச்சை எடுத்துவிட்டார், ப்ரீஆம்பின் பேஸை நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். அவை எல்லாம் குமுளிக் கூடத்துக்காகச் செய்தவை. கிட்டாரின் லோ கட்டையும் ஆறாவது ஃப்ரெட் கேபோவையும் தொடவில்லை. ட்ராக்கில் பேஸ் கிட்டார் இருக்கும் வரை அவை எந்த ஊரிலும் வேண்டும்.